மலை நீர்த்தேக்கத்தைச் சைக்கிளில் சுற்றிவரக் கிளம்புமுன்

வரைபடத்தில் ஒரு மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தால், அதைச் சுற்றிவருவது சுலபம் என்றுதான் முதலில் தோன்றும். நீர் சமமாக நிற்கிறது. கரையை ஒட்டிச் சாலை போகிறது. அப்படியானால் சாலையும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படி நம்பித்தான் 40 கி.மீ. சுற்று ஒன்றை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். ஐந்தரை மணி நேரம் ஆனது. அன்று ஏறிய உயரத்தை வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன்: 700 மீட்டர். வழியில் எந்த ஏற்றமும் 30 மீட்டரைத் தாண்டவில்லை. ஆனால் அப்படி 25 ஏற்றங்கள் இருந்தன.

காரணம் எளியது. அணை கட்டி நீரைத் தேக்கும்போது முதன்மைப் பள்ளத்தாக்கு மட்டும் நிரம்புவதில்லை. அதில் வந்து சேரும் ஒவ்வொரு ஓடையின் பள்ளத்திலும் நீர் விரல் விரலாக உள்ளே புகுந்து நிற்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே மலையின் மூக்கு ஒன்று நீரை நோக்கி நீண்டிருக்கும். கரைச் சாலை அந்த மூக்கின் மேல் ஏறி, மறுபக்கம் ஓடையில் உள்ள பாலத்துக்கு இறங்கி, அடுத்த மூக்கில் மறுபடி ஏறும். இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் எந்த நாட்டு நீர்த்தேக்கமானாலும் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. இந்தக் கட்டுரையின் மற்ற விஷயங்களும் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் சுற்றுக்கு எந்த ஏரி?

விரல்கள் குறைந்த, நீளமான, ஒல்லியான நீர்த்தேக்கமாகப் பாருங்கள். வேல்ஸில் உள்ள வர்னுவி ஏரி இதற்கு நல்ல உதாரணம். 1880-களில் கல்லால் அணை கட்டி உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழரை கி.மீ. நீளம், சுற்றிவரும் சாலை சுமார் 19 கி.மீ. கரையோரமாகவே, பெரிய ஏற்றம் இல்லாமல் போகிறது. இதோடு இங்கிலாந்தின் வட பகுதியில் 1982-இல் திறக்கப்பட்ட கீல்டர் நீர்த்தேக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் கரைப் பாதை 42 கி.மீ.; ஓடை வாய்களும் நிலமூக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தூரம் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். கால்களுக்கு அது வேறு வகையான நாள்.

தைவானின் சூரிய-நிலா ஏரியும் புதியவர்களுக்கு ஏற்றது. இயற்கையாக இருந்த ஏரியை மின் உற்பத்திக்காக 1934-இல் அணைகளால் உயர்த்தினார்கள். சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்று ஏறக்குறைய 30 கி.மீ. ஒரு பகுதியில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை உண்டு. முதல் தடவை முழுச் சுற்றும் வேண்டாம் என்றால் அந்தப் பகுதியில் மட்டும் போய்த் திரும்பலாம்.

இன்னொரு நல்ல வகை, அணை கட்டும்போது கல்லும் சிமெண்டும் கொண்டுவரப் போட்ட ரயில் பாதைகள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிடுவார்கள். மண்மேடு அப்படியே இருக்கும். பாரம் இழுக்கும் ரயில் எஞ்சினால் செங்குத்தில் ஏற முடியாது என்பதால் அந்தத் தடம் முழுவதும் சாய்வு மென்மையாகவே இருக்கும். வேல்ஸின் ஈலன் பள்ளத்தாக்கில் 1893-இல் தொடங்கி 1904-இல் திறக்கப்பட்ட அணைகளுக்காகப் போட்ட ரயில் பாதைதான் இன்று சுமார் 14 கி.மீ. நீளமுள்ள சைக்கிள் தடம். அடுக்கடுக்காக நிற்கும் அணைகளை அதில் சீராக ஏறிக் கடக்கலாம். உங்களுக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒரு பழைய கட்டுமானப் பாதை இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அங்கேயே தொடங்குங்கள்.

வரைபடத்தோடு ஒரு மாலைப்பொழுது

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக உட்காருங்கள். இதில் அவசரப்பட்டால் வழியில் அவஸ்தைதான்.

முதலில் அணையைக் கண்டுபிடியுங்கள். அணையின் முகடு மேல் போக அனுமதி உண்டா? சுற்று மூடுமா மூடாதா என்பது இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. பல இடங்களில் அணை முகடு பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும், அல்லது மாலையில் கதவைப் பூட்டிவிடுவார்கள். முகடு இல்லையென்றால், அணைக்குக் கீழே ஆற்றுப் பாலம் வரை இறங்கி, மறுகரையில் ஏற வேண்டும். அணை 60 மீட்டர் உயரம் என்றால் அந்த ஏற்றம் 60 மீட்டருக்குக் குறையாது. அதுவும் பெரும்பாலும் பயணத்தின் கடைசியில், கால் சோர்ந்த நேரத்தில் வந்து நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் முகட்டின் மேல் சாலை தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பூட்டிய கதவு அதில் தெரியாது. அணையைப் பராமரிக்கும் அலுவலகத்தைக் கேட்பதுதான் வழி.

அடுத்து விரல்களை எண்ணுங்கள். ஒரு கரையில் 12 ஓடைகள், மறுகரையில் 4 என்று வந்தால் எந்தப் பக்கம் கடினம் என்பது தெரிந்துவிட்டது. சம உயரக் கோடுகளையும் பாருங்கள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருந்தால், 15 மீட்டர் ஏறி இறங்கும் மேடு வரைபடத்தில் வராமலே போகலாம். கரைச் சாலைகளில் பெரும்பாலும் இருப்பது அப்படிப்பட்ட மேடுகள்தான். செயலிகள் சொல்லும் மொத்த ஏற்றத்திலும் பிழை உண்டு, ஆனால் அது எதிர்ப்பக்கம். சாலை செங்குத்துச் சரிவில் வெட்டப்பட்டிருந்தால் செயலி சில மீட்டர் தள்ளியுள்ள சரிவின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். பாலம் வந்தால் கீழே உள்ள பள்ளத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாத ஏற்றம் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் நான் இரண்டையும் பார்ப்பேன், விரல்களையும் எண்ணுவேன், மூன்றிலும் பெரியதை எடுத்துக்கொள்வேன்.

இரு கரைகளிலும் சாலையின் தரம் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு பக்கம் தார்ச்சாலை, மறுபக்கம் காட்டுத் தடம் என்பதுதான் அதிகம் காணும் அமைப்பு. இங்கிலாந்தின் டெர்வென்ட் பள்ளத்தாக்கில் ஹவுடன், டெர்வென்ட் என்ற இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றிவருபவர்கள் மேற்குக் கரையில் தார்ச்சாலையிலும் கிழக்குக் கரையில் கல் பரவிய தடத்திலும் போகிறார்கள். அந்தச் சுற்றின் மேல் முனையில் ஒரு பழைய கல் பாலம் நிற்கிறது. அதே பள்ளத்தாக்கில் கீழே லேடிபவர் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய டெர்வென்ட் கிராமத்தில் இருந்த பாலம் அது. கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1959-இல் இங்கே திரும்பக் கட்டினார்கள். எத்தனையோ நீர்த்தேக்கங்களின் அடியில் யாரோ வாழ்ந்த நிலம் இருக்கிறது. அந்தப் பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

மூழ்கிய ஊர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நீருக்கடியில் போன பழைய சாலைகள் சில செயலிகளின் தரவில் இன்னும் உயிரோடு இருக்கும். நீங்கள் போட்ட வழி கரையில் ஓரிடத்தில் நேராக நீரை நோக்கித் திரும்பினால், அது பழைய ஊர்ச்சாலையாக இருக்கலாம். வழியை முழுவதும் பெரிதாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நேரக் கணக்கு

நீங்கள், சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மீட்டர் உயர்த்தச் சுமார் 98,000 ஜூல் ஆற்றல் தேவை. அதிகம் பழகாத ஒருவர் நெடுநேரம் சீராக 100 வாட் தருவார் என்று கொண்டால், அந்த 100 மீட்டருக்கு மட்டும் 16 நிமிடம் ஆகும். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பதால் நான் 12 நிமிடம் என்று போடுகிறேன்.

என் கணக்கு இதுதான். சம தரையில் மணிக்கு 15 கி.மீ.; ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 12 நிமிடம் கூடுதல்; வந்த மொத்தத்தோடு, நிற்பதற்கும் சாப்பிடுவதற்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் கால் பங்கு. நான் சொன்ன 40 கி.மீ. சுற்றை இதில் போட்டால்: தூரத்துக்கு 160 நிமிடம், 700 மீட்டர் ஏற்றத்துக்கு 84, இரண்டும் 244, அதில் கால் பங்கு 61. ஆக 305 நிமிடம், ஐந்து மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. உண்மையில் ஆனதற்கும் இதற்கும் அரை மணிக்கும் குறைவான வித்தியாசம். தடம் கரடுமுரடாக இருந்தால் அந்தப் பகுதிக்கு 15-க்குப் பதிலாக 10 கி.மீ. என்று போடுங்கள்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஏரிச் சுற்றில் குறுக்குவழி கிடையாது. வேறு பயணங்களில் களைத்துவிட்டால் ஏதாவது ஒரு சாலையில் திரும்பி ஊருக்குள் போய்விடலாம். இங்கே ஒரு பக்கம் நீர், மறுபக்கம் மலை. பாதிச் சுற்றில் நின்றால், புறப்பட்ட இடம் எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் தூரம் ஒன்றுதான். கீல்டரின் வட கரையைப் போல நெடுந்தொலைவு ஊரே இல்லாத கரைகளும் உண்டு. எனவே முடிவெடுக்கும் இடத்தைப் பாதியில் வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அங்கே கடிகாரத்தைப் பாருங்கள். மொத்த நேரத்தில் 40 விழுக்காடு கரைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். அன்றைக்குப் போய்த் திரும்பிய தூரமே நல்ல பயணம்தான். ஏரி அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும்.

எந்தச் சைக்கிள்?

புதிதாக வாங்க வேண்டாம். இருப்பதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கியர், டயர், பிரேக்.

மிக இலகுவான கியரில் முன் பல்சக்கரத்தை விடப் பின் பல்சக்கரத்துக்குப் பல் அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் 30 பல், பின்னால் 34 பல் என்றால், ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் சற்றுக் குறைவாகச் சுழலும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஆறரை கி.மீ.க்கு மேல் போகலாம். 6 விழுக்காடு ஏற்றத்தில் 100 கிலோவை அந்த வேகத்தில் கொண்டுபோக ஏறக்குறைய 120 வாட் போதும். இதைவிடக் கனமான கியர் மட்டும் இருந்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும். அப்படியானால் பின் பல்சக்கரத் தொகுப்பை மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். முழுச் சைக்கிள் மாற்றுவதைவிட அது மிகச் சிறிய வேலை.

டயர் அகலம் 35 முதல் 42 மி.மீ. வரை இருந்தால் தார், சரளை இரண்டையும் சமாளிக்கும். காற்றைக் கல் போல இறுக்கமாக அடைக்காதீர்கள். சரளையில் டயர் துள்ளும், பிடிமானம் போகும். பிரேக்கில் ரப்பர் கட்டை தேய்ந்திருந்தால் கிளம்புமுன்பே மாற்றுங்கள். ஈரச் சரிவில் டிஸ்க் பிரேக் நிம்மதி, ஆனால் கட்டாயமில்லை.

சுமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள், கனமானது கீழே இருக்கட்டும். இரண்டு மாற்று ட்யூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்ப், செயின் கழற்றும் கருவி, ஆறுகோணச் சாவிகள், முன் பின் விளக்குகள், ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை. பள்ளத்தாக்குக்குள் அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்றே எண்ணிக்கொண்டு வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எந்தக் கரை வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்தத் திசையில் சுற்றுவது?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மூன்று விஷயங்களை வைத்து முடிவெடுக்கலாம்.

ஒன்று, வாகனங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் ஏரி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நீங்கள் நீரோரமாகப் போவீர்கள். நின்று பார்க்கச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம், மலைப்பக்கம் உதிரும் கற்களும் உங்கள் ஓரத்தில் குறைவாக இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதற்கு நேர்மாறு. ஆனால் நீரோரம் தடுப்புச் சுவர் இல்லாத செங்குத்து விளிம்பாக இருந்து, உயரம் உங்களுக்குப் பயம் என்றால், தயங்காமல் மலையோரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயத்தோடு ஓட்டினால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம், சைக்கிள் தள்ளாடும்.

இரண்டு, காற்று. வானம் தெளிவாக உள்ள நாள்களில் மலைப் பள்ளத்தாக்குக்கென்று ஒரு காற்று முறை உண்டு. இரவில் குளிர்ந்த கனமான காற்று சரிவு வழியே கீழே வடியும். விடியற்காலையில் அது ஏரியின் தலைப்பக்கத்திலிருந்து, அதாவது ஆறு வந்து சேரும் முனையிலிருந்து, அணையை நோக்கி மெதுவாக வீசிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிச் சரிவுகள் சூடானதும் காற்று திரும்பும். பிற்பகலில் அணைப்பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கின் மேல் நோக்கி, காலையைவிட வலுவாக வீசும். நீர்ப்பரப்பின் மேல் மரமோ மேடோ இல்லாததால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அணையிலிருந்து பத்து மணிக்குக் கிளம்புபவர்களுக்குத் திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. ஏரியின் தலைப்பக்கத்தில் தொடங்க முடிந்தால் காலையில் அணை வரை போய், பிற்பகல் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அணையிலிருந்துதான் தொடங்க முடியும் என்றால் விடிந்ததும் கிளம்பி நண்பகலுக்குள் முடியுங்கள். பெரிய காற்றழுத்தம் ஏதாவது வானிலையை ஆளும் நாளில் இந்த முறை செல்லாது. அன்றைக்கு முன்னறிவிப்பைப் பாருங்கள்.

மூன்றாவது சுருக்கமானது: கடினமான கரையை முதலில் வையுங்கள். விரல்கள் அதிகமுள்ள பக்கம், சரளைத் தடம் உள்ள பக்கம், ஊரில்லாத பக்கம், எதுவானாலும் கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடட்டும்.

மூன்றும் ஒத்துப்போகாத நாளில் நான் மூன்றாவதைத்தான் பின்பற்றுகிறேன்.

சாலையில்

ஓடைப் பாலங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏரிச் சுற்றில் விழுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள் என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. அமைப்பு எப்போதும் ஒன்றுதான்: இறக்கம், அடியில் சட்டென்ற வளைவு, பாலம், உடனே ஏற்றம். வளைவில் மரநிழல் இருக்கும், ஈரம் காயாது, மழையில் அடித்துவந்த மணலும் சரளையும் வளைவின் நடுவிலேயே கிடக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்குள் நுழையுமுன்பே கியரையும் இலகுவாக்குங்கள். பாலம் தாண்டியதும் வரும் ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் செயின் கழலும், சில நேரம் அறுந்தே போகும். மூன்று நான்கு ஓடைகளுக்குப் பிறகு இது கைக்குத் தானாக வந்துவிடும். அப்புறம் அதிலேயே ஒரு தாளம் பிடிபடும். ஏரிச் சுற்றில் எனக்குப் பிடித்ததே அந்தத் தாளம்தான்.

மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நிற்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நில்லுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று பொருள். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதிலும் தவறேதும் இல்லை.

மலையில் 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அதைவிடக் குளிர வைப்பது, ஏறும்போது வியர்த்த உடம்போடு வேகமாக இறங்குவதுதான். மலையை விட்டு இறங்கும் நீண்ட இறக்கத்துக்கு முன்னால் காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது. அதே இறக்கத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, திரும்பப் பிடியுங்கள். சக்கர விளிம்பில் பிடிக்கும் பிரேக்கானால் தொடர்ந்து உரசும் சூட்டில் ட்யூப் வெடித்துவிடும்.

விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் நீரின் மேல் மூடுபனி எழும். அழகுதான். ஆனால் வாகனம் ஓட்டி வருபவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், பகலானாலும் விளக்கைப் போடுங்கள். மேய்ச்சல் நிலங்களில் ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அவற்றை நேர்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாக அல்ல.

நீரைப் பற்றி

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

நீர்த்தேக்கம் ஏரி போலத் தோன்றும், ஆனால் அதன் நடத்தை வேறு. நீர்மட்டம் இயற்கையாக அல்ல, மதகைத் திறப்பவர் கையில் ஏறி இறங்குகிறது. கோடையில் மட்டம் தாழும்போது மரமோ புல்லோ இல்லாத வெற்றுக் கரை வெளியே வரும். மேல்தோல் காய்ந்து வெடித்து உறுதியாகத் தெரியும். அடியில் பல ஆண்டு வண்டல் குழைந்து கிடக்கும். சைக்கிளோடு அதில் இறங்காதீர்கள், நடந்தும் போகாதீர்கள். கூடாரம் போடுவதென்றால் முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலேதான் போட வேண்டும். பாறையிலும் மரவேரிலும் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும்.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப்படுகையில் பாறைகள் இதமாக இருக்கும், உட்காரத் தோன்றும். மதகு திறந்தால் நீர் நிமிடங்களில் ஏறிவிடும். சில அணைகளில் முன்கூட்டிச் சங்கு ஊதுவார்கள். எல்லா இடத்திலும் ஊதுவார்கள் என்று நம்ப வேண்டாம். உபரிநீர் வழியும் கலிங்கின் சாய்தளத்தில் பாசி படிந்திருக்கும். விளிம்பில் நின்று படம் எடுக்கப் போகாதீர்கள்.

குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அனுமதி உள்ள இடம் என்று எழுதி வைத்திருந்தால் ஒழிய, வேண்டாம். வெயில் பட்ட மேல்நீர் இதமாக இருக்கும், அரை ஆள் ஆழத்தில் சில்லென்று வெட்டும். வியர்த்த உடம்போடு அதில் குதித்தால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அந்த முதல் நிமிடத்திலேயே மூழ்கிவிடக்கூடும். கரை செங்குத்தாக இறங்குவதால் கால் ஊன்ற இடம் இருக்காது. நீர் உறிஞ்சும் கோபுரத்தின் அருகே அடியில் இழுப்பு இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது.

குடிக்கவும் கூடாது. நின்ற நீரில் வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி படரும். பச்சைச் சாயம் கொட்டினாற்போல் இருக்கும். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் கணக்கிட்டு, முழுச் சுற்றுக்கும் நீரைக் கொண்டுபோங்கள். தீர்ந்தே போனால், ஏரியில் சேருமுன் மேலே ஓடிவரும் ஓடையில் எடுத்து, வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்த பிறகு குடியுங்கள். சாப்பாடும் அப்படித்தான்: வழியில் கிடைக்கும் என்று எண்ணாமல், பசிக்குமுன் 45 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடும் அளவுக்குக் கையில் வைத்திருங்கள்.

அந்த நீர் பெரும்பாலும் எங்கோ ஒரு நகரத்தின் குடிநீர் என்பதையும் மறக்கக் கூடாது. ஈலன் அணைகளின் நீர் பம்பு எதுவும் இல்லாமல், மிக மெல்லிய சாய்வில் புவியீர்ப்பால் மட்டுமே சுமார் 118 கி.மீ. ஓடி பர்மிங்காமைச் சேர்கிறது. மலசலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் டயரிலும் செருப்பிலும் ஒட்டிய சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். வேற்று நீர்ச்செடிகளின் துண்டுகளும் சிப்பிக் குஞ்சுகளும் அந்தச் சேற்றில்தான் ஏரி விட்டு ஏரி போகின்றன.

அணைப் பகுதியில் படம் எடுக்கத் தடை உள்ள நாடுகள் உண்டு. பலகையைப் பார்த்துவிட்டு அலைபேசியை எடுங்கள். காவலர் நிறுத்தினால் நின்று பதில் சொல்லுங்கள், பூட்டிய கதவின் மேல் சைக்கிளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருவர் அப்படிச் செய்தால் அடுத்து வருபவர் எல்லோருக்கும் கதவு மூடிவிடும்.

ஒரு நாள் சுற்றுக்குப் பிறகு

நான்கைந்து ஒருநாள் சுற்றுகள் முடிந்த பிறகு இரண்டு மூன்று நீர்த்தேக்கங்களை இணைக்கும் ஆசை வரும். ஒரே பள்ளத்தாக்கில் அடுக்காக உள்ளவற்றை இணைப்பது சுலபம். ஒவ்வோர் அணையிலும் அதன் உயரத்துக்கு ஓர் ஏற்றம், பிறகு நீரோரமாகக் கொஞ்சம் ஓய்வு. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் உள்ளவற்றை இணைக்க நடுவே கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ரோஸ்லாந்து நீர்த்தேக்கம் சுமார் 1,550 மீட்டரில் இருக்கிறது. அதன் கரையைவிட்டு மேலேறும் சாலை 1,968 மீட்டரில் உள்ள கணவாயைத் தொடுகிறது. நீரோரமாக எவ்வளவு இதமாக ஓட்டியிருந்தாலும் அந்த 400 மீட்டரைச் சேர்த்தால்தான் நாள் முடியும். ஒரு நாளைக்கு ஒரு கணவாய் போதும். அதையும் காலையில் வைத்துக்கொண்டு, இரவு தங்கல் அடுத்த நீர்த்தேக்கத்தின் தலைப்பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள். மறுநாள் விடியலில் சரிவு இறங்கிவரும் மென்காற்று முதுகில் படும், சாலையும் நீரும் அணையை நோக்கி உங்களோடு வரும்.